டேஷ்போர்டு காட்டும் மைலேஜும் பங்க் பில் சொல்லும் மைலேஜும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது கார் வாங்கிய முதல் மாதத்திலேயே பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்துவிடும். மீட்டரில் வரும் ஆவ்ரேஜ் ஒன்று, பங்க் பில்லை வைத்துப் போடும் கணக்கு வேறொன்று. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்தியச் சாலைகளில் ஓடும் பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியவை. பைக், சிஎன்ஜி பற்றியும் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

மீட்டர் 17.8 காட்டுகிறது. டேங்க் ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டால் 16.6தான் வருகிறது. எதை நம்புவது?

உங்கள் பணம் எவ்வளவு கரைகிறது என்று தெரிய வேண்டுமானால் பில் கணக்கைத்தான் நம்ப வேண்டும். 412.6 கிலோமீட்டர் ஓடிய பிறகு டேங்க் நிரம்ப 24.85 லிட்டர் பிடித்தது என்றால், லிட்டருக்கு 16.6. நீங்கள் காசு கொடுத்தது அந்த 24.85 லிட்டருக்கு. மீட்டர் 17.8 என்கிறது என்றால் அது 7 சதவீதம் கூட்டிச் சொல்கிறது.

அதற்காக மீட்டரே வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒரே காரில் இந்தக் கூடுதல் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இருக்கும். வழக்கமாக 17.8 காட்டும் கார் திடீரென்று 16 என்று இறங்கினால், நிஜத்திலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டயரில் காற்று குறைந்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், போகும் வழி மாறியிருக்கலாம். இந்த மாதிரி மாற்றங்களை உடனே பிடித்துக் கொடுப்பதில் மீட்டர் மிக நல்ல கருவி. செலவுக் கணக்கு எழுத மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

மீட்டர் எப்படிக் கணக்கிடுகிறது? டேங்கில் உள்ள மிதவையை வைத்தா?

இல்லை. டேங்குக்குள் இருக்கும் மிதவை, பெட்ரோல் முள்ளுக்கும், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணிப்புக்கும்தான் பயன்படுகிறது. ஆவ்ரேஜ் கணக்கு என்ஜின் பக்கமிருந்து வருகிறது.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் மிகச் சிறிய வால்வு. ஒவ்வொரு முறையும் சில மில்லிசெகண்ட்தான் திறந்திருக்கும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது காரின் கம்ப்யூட்டரான இசியூ. நான்கு சிலிண்டர் என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது, நான்கு இன்ஜெக்டரும் சேர்ந்து நிமிடத்துக்கு 4,000 தடவை திறந்து மூடுகின்றன. இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் என்று கம்பெனியில் பதிந்து அனுப்பிய அட்டவணை ஒன்று இசியூவுக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து அது கூட்டிக்கொண்டே போகிறது. தூரத்தை, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸுக்காகச் சக்கரங்களில் வைத்திருக்கும் சென்சார்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தூரத்தை இந்த லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் திரையில் தெரியும் எண்.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த இடத்திலும் பெட்ரோலை நேரடியாக அளக்கவில்லை என்பது. சாதாரணக் கார்களில் பெட்ரோல் குழாயில் ஃப்ளோ மீட்டர் கிடையாது. இத்தனை நேரம் திறந்தேன், ஆகவே இத்தனை போயிருக்கும் என்று இசியூ அனுமானிக்கிறது. நல்ல அனுமானம்தான். ஆனாலும் பங்க்கில் இருக்கும் முத்திரையிட்ட மீட்டருக்கு அது ஈடாகாது.

அந்த அனுமானம் எங்கே தவறுகிறது?

முதலில் இன்ஜெக்டரிலேயே. அட்டவணையில் இருக்கும் இன்ஜெக்டரும் உங்கள் காரில் மாட்டியிருக்கும் இன்ஜெக்டரும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. உங்களுடையது கொஞ்சம் தாராளமாக ஊற்றும் வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். சைலன்சருக்குப் போகும் புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார், பெட்ரோல் அதிகம் என்று சொல்லும். இசியூ திறக்கும் நேரத்தைக் குறைக்கும். என்ஜின் சரியாக ஓடும், ஆனால் நேரம் குறைந்ததால் பெட்ரோலும் குறைவாகப் போனதாகக் கணக்கில் ஏறும். மீட்டரில் மைலேஜ் கூடித் தெரியும். இன்ஜெக்டரில் அழுக்குப் படிந்து அடைத்திருந்தால் இதற்கு நேர் எதிர்: அதிக நேரம் திறக்க வேண்டிவரும், மீட்டர் நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும்.

அடுத்தது பெட்ரோலின் அடர்த்தி. இந்தியத் தரநிலைப்படி ஒரு கன மீட்டர் பெட்ரோல் 720 கிலோவிலிருந்து 775 கிலோ வரை எடை இருக்கலாம். என்ஜினுக்குத் தேவைப்படுவது எடைக் கணக்கு, உங்களுக்குப் பில் வருவது லிட்டர் கணக்கு. இரண்டுக்கும் நடுவே இசியூ ஒரே ஒரு நிலையான எண்ணை வைத்துக்கொண்டு மாற்றிக் காட்டுகிறது. இதோடு வெப்பமும் சேரும். பெட்ரோல் ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 0.1 சதவீதம் விரியும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் இருந்தது, சித்திரை வெயிலில் நின்ற காரின் டேங்கில் 15 டிகிரி சூடேறினால் ஒன்றரை சதவீதம் கூடிவிடுகிறது.

இன்னொன்று பலரும் கேள்விப்படாதது. டேங்கில் ஆவியாகும் பெட்ரோல் வெளியே போய்விடாமல், கரி நிரப்பிய கேனிஸ்டர் என்ற ஒரு டப்பாவில் பிடித்து வைக்கப்படுகிறது. கார் ஓடும்போது அந்த ஆவியை என்ஜின் உறிஞ்சி எரித்துவிடும். டேங்கிலிருந்து போனது போனதுதான், ஆனால் இன்ஜெக்டர் வழியாகப் போகாததால் மீட்டர் கணக்கில் வராது. அளவு சிறியதுதான். ஆனால் நம் ஊர் வெயிலில் இது தினமும் நடக்கிறது, அதுவும் மீட்டரைக் கூட்டிக் காட்டும் பக்கமாகவே நடக்கிறது.

எல்லாக் காரும் கூட்டித்தான் காட்டுமா? கம்பெனிகள் வேண்டுமென்றே செய்கின்றனவா?

எல்லாக் காரும் இல்லை. அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் சில கார்களைச் சோதனைக் கூடத்தில் ஓட்டிப் பார்த்தது. சராசரியாக 2.3 சதவீதம் கூட்டிக் காட்டின. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று 6.4 சதவீதம் கூட்டியது, இன்னொன்று 2.8 சதவீதம் குறைத்தது. ஆக, கூட்டிக் காட்டும் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு அதிகம்.

வேண்டுமென்றே என்ற குற்றச்சாட்டை நான் வைக்க மாட்டேன். கட்டாயம் இல்லாத இடத்தில் யாரும் மெனக்கெடுவதில்லை என்பதே என் எண்ணம். ஸ்பீடோமீட்டருக்கு ஐநா வாகன விதி உண்டு: நிஜ வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டினாலும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். திரையில் வரும் ஆவ்ரேஜுக்கு இங்கே அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் விற்கும் புதுக் கார்கள், எரிபொருள் செலவைத் தாமே பதிந்து வைக்க வேண்டும். அந்தப் பதிவின் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டால் கம்பெனிகளால் செய்து கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. பத்து லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அந்த உரிமை இங்கும் வர வேண்டும். இதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

எத்தனை சதவீதம் வரை சாதாரணம்?

5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல மீட்டர் என்பேன். 5 முதல் 8 வரை நிறையப் பேர் பார்ப்பதுதான், பயப்பட ஒன்றுமில்லை. 10-ஐத் தாண்டினால் முதலில் உங்கள் அளவு முறையைச் சந்தேகியுங்கள், பிறகு காரை.

டேங்க் டு டேங்க் கணக்கைச் சரியாக எப்படிப் போடுவது?

ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் போட்டு, முள் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் கணக்கு எதற்கும் உதவாது. முள் ஒரு குத்துமதிப்பு. டேங்கை நிரப்பியே ஆக வேண்டும்.

பங்க்கில் நாசில் தானாக டக்கென்று நிற்குமே, அந்த முதல் ஆட்டோ கட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். பில் 2,437 ரூபாய் என்று நிற்கும். ‘ரவுண்டா போட்டுடவா சார்?’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கட் ஆன பிறகு அழுத்தி அழுத்தி ஊற்றினால், மேலே சொன்ன கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோலே இறங்கி அது கெட்டுப்போகவும் வழியுண்டு. கட் ஆனதும் டிரிப் மீட்டரையும் ஆவ்ரேஜையும் ஒன்றாக ரீசெட் செய்யுங்கள். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள். டிரிப் ஏ இன்றைக்கு ரீசெட் ஆகியிருக்கும், ஆவ்ரேஜ் போன மாதத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? சில கார்களில் பெட்ரோல் போட்டாலே ஆவ்ரேஜ் தானாக அழிந்து புதிதாகத் தொடங்கும்படி செட்டிங் இருக்கும், அதையும் பார்த்து வையுங்கள்.

பிறகு டேங்க் கால் பாகத்துக்கு வரும் வரை ஓட்டுங்கள். முடிந்தால் அதே பங்க், அதே பம்ப், கார் நிற்கும் திசையும் அதே. தரை சற்றுச் சாய்வாக இருந்தாலும் ஆட்டோ கட் முன்னே பின்னே ஆகும். அரை லிட்டர் வித்தியாசம் வருவது சகஜம். வெறும் 10 லிட்டர் போடும்போது அந்த அரை லிட்டர் 5 சதவீதப் பிழை. 35 லிட்டர் போடும்போது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஒரு தடவை 22 வந்தது, அடுத்த தடவை 14 வந்தது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை 8, 10 லிட்டர் நிரப்பிப் பார்த்தவை.

இதற்கு எளிய மருந்து, நான்கைந்து நிரப்பல்களைச் சேர்த்துக் கூட்டுவது. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள். நடுவில் ஒரு நிரப்பலில் கட் சீக்கிரம் விழுந்திருந்தால், குறைந்த அந்தப் பெட்ரோல் அடுத்த நிரப்பலில் ஏறிவிடும், கூட்டுத்தொகையில் அடிபட்டுப்போகும். முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டும் ஒரே மாதிரி இருந்தால் போதும். 2,000 கிலோமீட்டருக்கு மேல் போட்ட கணக்கை யாரும் குறை சொல்ல முடியாது.

பங்க்கிலேயே அளவு குறைத்தால்?

இது நியாயமான கேள்வி, இதற்குச் சட்டப்படி வழியும் இருக்கிறது. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம். அதாவது அரை சதவீதம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு. புகாரும் அங்கேதான்.

அரை சதவீதம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டருக்கும் பில்லுக்கும் 7 சதவீதம் இடித்தால், எடுத்த எடுப்பில் பங்க்காரரைத் திருடன் என்று சொல்வது நியாயமில்லை. வேறு வேறு ஊர்ப் பங்க்குகளிலும் அதே 7 வந்தால் பிழை உங்கள் மீட்டரில். ஒரு குறிப்பிட்ட பங்க்கில் மட்டும் 12 வந்தால், குடுவையில் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். 500-க்குப் பதில் 510-க்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பம்ப் மீட்டரில் கைவைத்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரே சரியா?

இது மிக முக்கியமானது. ஏனென்றால் இந்தப் பிழை பில் கணக்கையும் கெடுத்துவிடும். மீட்டரும் நீங்களும் பயன்படுத்துவது ஒரே கிலோமீட்டரைத்தானே.

கார் எண்ணுவது சக்கரச் சுற்றுகளை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது டயரைப் பொறுத்தது. 175/65 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 608 மில்லிமீட்டர். புது டயரில் 8 மில்லிமீட்டர் இருந்த பட்டன் 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் சுற்றளவு 2 சதவீதம் குறைகிறது. அப்போது 100 கிலோமீட்டர் ஓடினால் 102 என்று காட்டும். டயர் தேயத் தேய மைலேஜ் கூடியது போலத் தெரிவதில் ஒரு பங்கு இது. மாறாக, கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று 185/65 போட்டால் 100 ஓடினாலும் 98 என்றே விழும். டயர் மாற்றியதும் மைலேஜ் போய்விட்டது என்று வருத்தப்படுபவர்கள் முதலில் இந்த 2 சதவீதத்தைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

சோதிப்பது எளிது. தேசிய நெடுஞ்சாலையில் மஞ்சள் தலை கிலோமீட்டர் கல் ஒன்றில் டிரிப்பை ரீசெட் செய்து, 50 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கல்லில் பாருங்கள். புறவழிச்சாலை போட்ட இடங்களில் கற்கள் தப்பியிருக்கலாம், அதனால் போனில் ஜிபிஎஸ் தூரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டுமே, அப்படியானால் ஓடோமீட்டரும் கூட்டுமா?

அவசியமில்லை. வேகத்தை மட்டும் சட்டத்துக்காகக் கொஞ்சம் ஏற்றிக் காட்டுகிறார்கள். ஜிபிஎஸ்ஸில் 95 போகும்போது முள் 100-ல் நிற்கும் கார்களிலும் ஓடோமீட்டர் சரியாகவே இருக்கலாம்.

தினமும் வரும் ஆவ்ரேஜைக் குறித்துவைத்துக் கூட்டி வகுத்தேன். பில் கணக்கோடு ஒட்டவே இல்லையே?

மைலேஜ் எண்களை அப்படிக் கூட்டி வகுக்கக் கூடாது. சென்னைக்குள் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 என்று ஓட்டினீர்கள், பெட்ரோல் 10 லிட்டர். திருச்சி ரோட்டில் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 20 என்று ஓட்டினீர்கள், பெட்ரோல் 5 லிட்டர். சராசரி 15 என்று மனம் சொல்லும். ஆனால் 200 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் ஆகியிருக்கிறது, அதாவது 13.3தான். மைலேஜ் குறைவாகக் கிடைக்கும் இடத்தில்தான் பெட்ரோல் அதிகம் கரைகிறது என்பதால் கணக்கு எப்போதும் அந்தப் பக்கம் இழுக்கும்.

டிராஃபிக்கில் நிற்பதும் இப்படித்தான். ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் சிறிய பெட்ரோல் கார் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வரை குடிக்கும். கிலோமீட்டர் பூஜ்யம். ஆவ்ரேஜ் மெதுவாகக் கீழே நழுவுவதை நின்ற இடத்திலேயே பார்க்கலாம். அது மீட்டரின் தவறு இல்லை.

மலை இறங்கும்போது 99.9 காட்டுகிறது. ஏறும்போது 9. இதெல்லாம் நிஜமா?

இரண்டும் நிஜம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் பாதை, உயரம் சுமார் 1,900 மீட்டர் கூடுகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே சுமார் இரண்டரை லிட்டர் பெட்ரோல் தேவை. சமவெளியில் 50 கிலோமீட்டருக்கு ஆகும் 2.8 லிட்டரையும் சேர்த்தால் 5.3 லிட்டர். லிட்டருக்கு 9.4. ஆகவே மீட்டர் 9 காட்டினால் கார் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

இறங்கும்போது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால், இசியூ இன்ஜெக்டர்களை முழுவதுமாக மூடிவிடும். சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது, பெட்ரோல் ஒரு சொட்டும் போவதில்லை. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் திரை தன்னால் முடிந்த பெரிய எண்ணைக் காட்டி நிற்கிறது. மைலேஜுக்காக நியூட்ரலில் இறக்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்: நியூட்ரலில் ஐடில் ஓட பெட்ரோல் செலவாகும், கியரில் செலவாகாது. அதோடு என்ஜின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டுவதை நம்பலாமா?

அவ்வளவாக வேண்டாம். அது சமீபத்திய ஆவ்ரேஜை, மிதவை சொல்லும் மிச்சத்தோடு பெருக்கி வருவது. இரண்டிலும் பிழை உண்டு. ஹைவேயில் வந்து ஊருக்குள் நுழைந்ததும் 80 காட்டியது சீக்கிரமே 50 ஆகலாம். இன்னொரு விஷயம், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் அந்தப் பெட்ரோலாலேயே குளிர்கிறது. வற்ற வற்ற ஓட்டினால் பம்ப்புக்குக் கேடு.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகு மீட்டரும் இறங்கிவிட்டது. அப்படியானால் மீட்டர் சரியாகத்தானே சொல்கிறது?

ஆமாம், இந்த விஷயத்தில் சரியாகவே சொல்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால், சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் சக்தி குறைகிறது. இ10-ஓடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையிலேயே, இ0-க்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதமும், இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்தவற்றில் 1 முதல் 2 சதவீதமும் மைலேஜ் குறையும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். ஆக்சிஜன் சென்சார் சொல்லி, இன்ஜெக்டர் அதிக நேரம் திறக்கும். திறந்த நேரத்தைத்தான் மீட்டர் எண்ணுகிறது, அதனால் குறைவு திரையிலும் தெரியும்.

காரின் கம்ப்யூட்டரோடு இணையும் ஓபிடி கருவி மாட்டி, போன் ஆப்பில் பார்த்தால் துல்லியமாகத் தெரியுமா?

பெரும்பாலும் காரின் சொந்த மீட்டரைவிட மோசமாகவே தெரியும். பல ஆப்கள் என்ஜினுக்குள் போகும் காற்றின் எடையை எடுத்து, 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற பழைய விகிதத்தில் வகுக்கின்றன. இ20-க்கு அந்த விகிதம் சுமார் 13.5. ஆப்பில் இதை மாற்றாவிட்டால், செலவான பெட்ரோலை 8 சதவீதம் வரை குறைத்துக் காட்டும். திருத்தும் வசதி ஆப்பில் இருந்தால் நிலைமை வேறு.

கம்பெனி சொன்ன 22 எங்கே, எனக்குக் கிடைக்கும் 16 எங்கே?

அது வேறு சண்டை, மீட்டரோடு சேர்க்காதீர்கள். விளம்பரத்தில் வரும் ஏஆர்ஏஐ (வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண் சோதனைக் கூடத்தில், உருளைமேல் காரை நிறுத்தி ஓட்டி எடுப்பது. எம்ஐடிசி என்ற அந்த ஓட்டம் சுமார் 20 நிமிடம், அதிகபட்ச வேகம் 90. ஏசி கிடையாது, குண்டும் குழியும் கிடையாது. இரண்டு மாடல்களில் எது சிக்கனம் என்று ஒப்பிட உதவும். உங்கள் தெருவில் எவ்வளவு கிடைக்கும் என்று அது சொல்லாது.

டீசல், சிஎன்ஜி, பைக்குகளுக்கும் இதே கணக்குதானா?

அடிப்படை ஒன்றே. பிஎஸ்6 என்ற மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க, அவ்வப்போது கூடுதல் டீசல் பாய்ச்சப்படும். காரணமே தெரியாமல் ஆவ்ரேஜ் கொஞ்ச நேரம் இறங்கினால் அதுவாக இருக்கலாம். சிஎன்ஜி கார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகுதான் கேஸுக்கு மாறும், அதனால் குறுகிய தூரம் ஓடுபவர்கள் கிலோ கணக்கோடு பெட்ரோலையும் சேர்த்தால்தான் செலவு தெரியும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பைக், ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜெக்டர் இருப்பதால் சிலவற்றில் ஆவ்ரேஜ் தெரிகிறது. டேங்க் சிறியது, ஆட்டோ கட்டும் சரியாக விழாது. ஆகவே பைக்குக்குப் பல நிரப்பல்களைக் கூட்டியே பார்க்க வேண்டும்.

மீட்டரைத் திருத்த முடியுமா?

சில கார்களில் முடியும். வோக்ஸ்வாகன் குழுமத்தின் பல மாடல்களில் ஸ்கேன் கருவி மூலம் இந்த எண்ணைச் சதவீதக் கணக்கில் ஏற்ற இறக்க இடமிருக்கிறது. மற்றபடி கையால் திருத்திக்கொள்வதே எளிது. பில் கணக்கு 16.6, மீட்டர் 17.8 என்றால் 16.6-ஐ 17.8-ஆல் வகுத்தால் 0.93. இனி மீட்டர் எது காட்டினாலும் 0.93-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

டிராவல்ஸ் நடத்துகிறேன். மீட்டர் 15.5 காட்டுகிறது, டிரைவர் கொடுக்கும் பில்லில் 14.5தான் வருகிறது. டீசல் திருடுகிறாரா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தோன்றியது. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மீட்டர் கணக்குப்படி 387 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். பில் 414 லிட்டருக்கு வருகிறது. 27 லிட்டர், இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். முதலாளி கண்ணுக்கு அது நேரே திருட்டாகத் தெரிகிறது. ஆனால் வித்தியாசம் ஏறத்தாழ 7 சதவீதம்தான், நல்ல நிலையில் உள்ள மீட்டரே இவ்வளவு கூட்டிக் காட்டும். இதை வைத்து டிரைவரின் சம்பளத்தில் பிடிப்பதும், வேலையை விட்டு நிறுத்துவதும் அநியாயம்.

சந்தேகம் இருந்தால் முறையாகத் தீர்த்துக்கொள்ளலாம். நீங்களே கூடப் போய், ஒரு பங்க்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி, ரீசெட் செய்து, வண்டி வழக்கமாகப் போகும் ரூட்டில் 500 கிலோமீட்டராவது ஓடவிட்டு, அதே பம்ப்பில் உங்கள் முன்னாலேயே நிரப்புங்கள். மீட்டருக்கும் பில்லுக்கும் அந்த வண்டியில் எவ்வளவு இடைவெளி என்று தெரிந்துவிடும். அது 6 சதவீதம் என்றால், இனி மாதா மாதம் 5, 6, 7 என்று வருவதெல்லாம் சரியான கணக்கு. ஒரே வண்டியில் இடைவெளி திடீரென்று 14 சதவீதம் ஆனால் அப்போது கேளுங்கள். அப்போதும் டீசல் லைனில் கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கை ஒருமுறை கீழே படுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் இந்த எண் தனி. ஒரு வண்டியின் இடைவெளியை இன்னொரு வண்டி டிரைவரிடம் காட்டிக் கேட்கக் கூடாது. எண் எடுத்ததும் அதை டிரைவருக்கும் சொல்லி, வண்டி நோட்டின் முதல் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதி வையுங்கள்.